சாக்குத் தூசி

காஜா பெராங், மலாக்கா
18 பிப்ரவரி 1957

அன்புள்ள தம்பி தேவதாஸுக்கு,

அண்ணன் கருணாகரன் எழுதுவது. இங்கே என் முழங்கால் மூட்டைத் தவிர மற்ற எல்லாம் சௌக்கியம். நாகப்பட்டினத்தில் உன் உடம்பு எப்படி இருக்கிறது என்று உடனே எழுது. வழக்கமாக இதை மரியாதைக்குக் கேட்பேன். இந்த முறை நிஜமாகவே கேட்கிறேன். நீ இறந்துவிட்டதாக இங்கே முடிவாகியிருக்கிறது.

உன் பழைய ஸ்டூடியோ படம் ஒன்று கண்ணாடி உடைந்து எங்கோ கிடந்ததாம். செட்டிக் கம்பத்து அப்பாசாமி சட்டம் போடுகிறவர் என்பதால் அது அவர் வீட்டுக்குப் போனது. அவர்கள் எத்தனையோ தலைமுறையாக மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். தமிழ் மட்டும் பேச வராது, வீட்டில் மலாய்தான். போகியன்று முன்னோருக்கு இலை போட்டுப் படைப்பார்கள், பார்ச்சு என்று பெயர். இந்த வருடப் படையலில், அப்பாசாமியின் பாட்டனார்களுக்கு நடுவே, சுருட்டை முடியோடு நீ இருந்தாய். அந்த வரிசைக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தாய் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி அஞ்சலை உனக்கும் ஓர் இலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, "பாவம், சின்ன வயசு" என்று மலாயில் அழுதிருக்கிறார்.

அந்த நேரம் பார்த்து நம் சங்கத் தலைவர் கலியாணசுந்தரம் அங்கே பலகாரம் சாப்பிடப் போயிருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே இரங்கல் கூட்டம். மறுத்துச் சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் அழத் தொடங்கிவிட்டார். அழுகிற மனிதரிடம் செய்தி தவறு என்று சொல்வது நாகரிகமாகப் படவில்லை.

நல்ல கூட்டம். நாற்பத்தெட்டில் கிட்டங்கித் தொழிலாளர்கள் முன்னால் நீ பேசிய பேச்சைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அதில் பாதியை எழுதிக் கொடுத்தது நான் என்பது ஒருவருக்கும் ஞாபகமில்லை. உனக்காவது இருக்கும்.

சமயம் பார்த்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை உடம்பைக் கவனித்துக்கொள்.

அன்புடன்,
கருணாகரன்


நாகப்பட்டினம்
20 மார்ச் 1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

காலஞ்சென்ற தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. பல் இரண்டு போய்விட்டன, முடி முழுவதும் போய்விட்டது, உயிர் மட்டும் இருக்கிறது. உங்கள் தும்மல் எப்படி? கிட்டங்கியில் ஒரு சாக்கைத் தூக்கினால் மூன்று தும்மலோடுதான் கீழே வைப்பீர்கள். இப்போது கணக்கு எழுதும் கிராணி உத்தியோகம், தூசி குறைவாக இருக்கும்.

பேச்சில் பாதி நீங்கள் எழுதியது எனக்கு நன்றாகவே ஞாபகமிருக்கிறது. என்னை நாடுகடத்திய உத்தரவில் அந்தப் பாதியைத்தான் எடுத்துக் காட்டியிருந்தார்கள்.

ஒரு வேண்டுகோள். ஆகஸ்டில் அங்கே சுதந்திரம் என்கிறார்கள். கம்யூனிஸ்டு என்று சொல்லி வெளியேற்றப்பட்டவர்களில் சிலரைத் திரும்ப விடக்கூடும் என்று இங்கே பாஸ்போர்ட் ஆபீஸில் பேச்சு. உள்ளூரில் இருக்கும் உறவினர் ஒருவர், இவன் இன்னான், நல்லவன், இவனுக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். எனக்கு அங்கே இருக்கிற உறவு நீங்கள்தான், பெரியப்பா மகன். செத்தவன் மனுக் கொடுக்க முடியாது என்பதால் அந்த விஷயத்தையும் சீக்கிரம் சரிசெய்து விடுங்கள்.

இதைத்தான் எல்லோரும் என் சொந்த ஊர் என்கிறார்கள். இங்கிருந்து மலாயாவுக்குப் போனபோது எனக்குப் பல் முளைக்கவில்லை; திரும்பி வந்ததும் விழ ஆரம்பித்துவிட்டது. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டுகிறேன். சாகும்போதாவது காஜா பெராங்கில் சாக வேண்டும் என்று இருந்தேன். அங்கே அது எனக்கு முன்னாலேயே நடந்துவிட்டது.

மல்லிகாவை விசாரித்ததாகச் சொல்லவும்.

வணக்கத்துடன்,
தேவதாஸ்


காஜா பெராங்
9 மே 1957

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே மழை, வெயில், சௌக்கியம் எல்லாம் மாறி மாறி இருக்கின்றன. உன் பல்லுக்கு உப்புத் தண்ணீர் நல்லது.

மல்லிகா சுகம். அவள் உனக்குப் பேசிவைத்த மாமன் மகள் என்பதை நான் மறக்கவில்லை. யாரும் மறக்க விடுவதுமில்லை. நீ போய் இரண்டு வருடம் கழித்து, அவளுடைய அப்பா வந்து கேட்டுக்கொண்டதால்தான் அவளைக் கட்டிக்கொள்ள நான் சம்மதித்தேன். அதற்கும் ஆறு வருடம் ஆகிவிட்டது.

அப்பாசாமி உன் படத்துக்குப் புதுச் சட்டம் போட்டுத் திருப்பிக் கொடுத்தார். பொட்டும் மாலையும் சேர்ந்தே வந்தன. அது இப்போது எங்கள் வீட்டு நடுச் சுவரில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் மல்லிகைச் சரம், விளக்கு. என் அப்பாவின் படம் பக்கத்திலேயே இருக்கிறது. தீபாவளிக்கு அவருக்கு ஒரு காகிதப் பூ உண்டு.

பொறுப்புக் கடிதத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறேன். இப்போது அவசரம் வேண்டாம். சங்கத்தில் 'தியாகி தேவதாஸ் வாசகசாலை' திறக்கப் போகிறார்கள், பலகை கூட எழுதியாகிவிட்டது. திறந்த பிறகு மெதுவாகச் சொல்லலாம். புரோகிதர் உனக்குத் திதி எப்போது என்று கேட்டார். பிறகு சொல்வதாகச் சொன்னேன்.

கூட்டத்தில் சிலர் உன்னைப் பிடித்துப் போன நாளைப் பற்றி என்னிடம் கேட்டார்கள். அன்று காலை நான் பத்து பெரெண்டாமில் ஒரு நண்பர் வீட்டில் இருந்ததால் ஒன்றும் தெரியாது என்று உள்ளதைச் சொன்னேன்.

அன்புடன்,
அண்ணன்


நாகப்பட்டினம்
11 ஜூன் 1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நலம், நலமறிய ஆவல். உப்புத் தண்ணீரில் கொப்பளிக்கிறேன். இங்கே குழாயில் வருவதே அதுதான்.

அன்று காலை நீங்கள் பத்து பெரெண்டாமில் இருந்தது எனக்குப் புதுச் செய்தி. காய்ச்சலில் படுத்திருந்ததாக ஐம்பதில் எழுதியிருந்தீர்கள். போகட்டும், பல வருடமாகிவிட்டதல்லவா.

இல்லாதவருக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடியுமுன் போலீஸார் எல்லோரையும் எழுப்பித் திடலில் வரிசையாக நிறுத்தினார்கள். ஒரு லாரி. அதன் பின்னால் நாற்காலி போட்டு, ஆளைக் காட்டிக்கொடுக்க ஒரு மனிதர். தலையில் சாக்கு, கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. நாங்கள் ஒவ்வொருவராக அவர் முன்னால் நின்று போக வேண்டும். சாக்கு அசையாமல் இருந்தால் வீட்டுக்கு. அசைந்தால் லாரிக்கு. எனக்கு முன்னால் போன எல்லோருக்கும் அசையவில்லை. நான் போய் நின்றேன். அந்தத் தலை ஆடியது.

அதற்கு முந்தின வாரம்தான் உங்களைப் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போய்ப் பிறகு விட்டுவிட்டார்கள். "சோறு நல்லா இருந்துச்சுடா" என்று சொன்னீர்கள். எனக்குப் போட்ட சோறு அவ்வளவு நன்றாக இல்லை. அப்போது உங்களை நினைத்துக்கொண்டேன்.

கடிதத்தை அனுப்பிவையுங்கள். வேறு ஒன்றும் நான் கேட்கவில்லை.

தேவதாஸ்


காஜா பெராங்
15 ஜூலை 1957

தம்பிக்கு,

இங்கே சுகம். அங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

உன் கடிதத்தைப் படித்து மனம் கஷ்டப்பட்டது. காய்ச்சலும் உண்மை, பத்து பெரெண்டாமும் உண்மை. காய்ச்சலோடு பத்து பெரெண்டாமில் படுத்திருந்தேன். ஒரு மனிதன் எட்டு வருடத்துக்கு முந்தைய காய்ச்சலுக்கெல்லாம் கணக்குச் சொல்ல முடியுமா?

சாக்குப் போட்டிருந்தவன் யாரோ, பாவம். அவன் பக்கத்தையும் நீ யோசிக்க வேண்டும். தலையை மூடினால் மூச்சு முட்டும். கொப்பரைச் சாக்கு வேறு, தூசி நேரே மூக்கில் ஏறும். யாருக்கானாலும் தும்மல் வரும். தும்மினால் தலை குனியத்தான் செய்யும். குனிந்த தலையைப் பார்த்து ஆமாம் என்று எழுதிக்கொண்டது துரையின் அவசரம். அதற்கு அந்த மனிதன் என்ன செய்வான்? வாயைத் திறந்து "இது தும்மல் சார்" என்று சொன்னால் குரல் தெரிந்துவிடாதா?

வாசகசாலை திறந்தாகிவிட்டது. உன் படத்தைக் கேட்டார்கள், மல்லிகா கொடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். பார்த்துப் பெரிதாக வரைந்துகொண்டு போனார்கள். வரைந்ததில் நீ இன்னும் அழகாக இருக்கிறாய். மார்பு கூட அகலம்.

அண்ணன்


நாகப்பட்டினம்
19 ஆகஸ்டு 1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நலம்.

நான் சாக்கு என்றுதான் எழுதினேன். கொப்பரைச் சாக்கு என்று எழுதவில்லை. தும்மியதாகவும் எழுதவில்லை.

தும்மினார். மூன்று முறை.

தேவதாஸ்


காஜா பெராங்
22 செப்டம்பர் 1957

அன்புள்ள தம்பி தேவதாஸுக்கு,

நான் சுகமாக இல்லை. சும்மா எழுதவில்லை, இரவில் தூக்கமில்லை, சோறு இறங்கவில்லை.

மெர்டேகா சுதந்திரக் கொண்டாட்டத்தில் ஊரே பாடாங் திடலில் கூடியிருந்தது. நம் சங்கத்தின் ஊர்வலத்தில் முதல் வண்டியில் நாட்டுக் கொடி, இரண்டாவது வண்டியில் நீ. கலியாணசுந்தரம் உனக்குப் பக்கத்தில் நின்று, இருவரும் சேர்ந்தே சுதந்திரம் வாங்கியது போலக் கை ஆட்டிக்கொண்டு வந்தார். ஒரு சீனக் கடைக்காரர் என்னிடம், "இது யாரு, உங்க மந்திரியா?" என்று கேட்டார். தம்பி என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முகஜாடையே இல்லையே" என்றார்.

மல்லிகா அழுதாள். என் அம்மா இறந்தபோது அவள் இப்படி அழவில்லை. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"எதுக்கு இப்படி அழுவுற?"

"செத்தவங்களுக்கு அழக்கூட ஒங்ககிட்ட கேக்கணுமா?"

நீ உயிரோடு இருக்கிறாய் என்று சொல்லலாம். சொன்னால் அழுகை நின்றுவிடுமா, இல்லை வேறு மாதிரி ஆகிவிடுமா என்று பயமாக இருந்தது.

நீ செத்துப்போனால் தீர்ந்தது என்று நான் நினைத்திருக்கலாம். நினைத்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் செத்ததிலிருந்து நீ நாளுக்கு நாள் வளர்கிறாய். உனக்கு வயதாகவில்லை, முடி கொட்டவில்லை, குறட்டை இல்லை, சாம்பாரில் உப்பு இல்லையென்று கத்துவதில்லை. நான் இதையெல்லாம் தினமும் செய்துகொண்டு உனக்கு எதிரே உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருக்கிறது.

பொறுப்புக் கடிதம் இத்துடன் இருக்கிறது. கையெழுத்து, சாட்சி, முத்திரை எல்லாம் சரியாக இருக்கின்றன. நல்லவன் என்று எழுதியிருக்கிறேன். வந்துவிடு. வந்து எங்கள் வீட்டில் ஒரு வேளை உட்கார்ந்து, வயிறு நிறையச் சாப்பிட்டு, அவள் முன்னால் பெரிதாக ஓர் ஏப்பம் விடு. நீ எனக்குச் செய்ய வேண்டியது அவ்வளவுதான்.

தூசியைப் பற்றி நீ எழுதியதற்கு இன்னொரு சமயம் பதில் எழுதுகிறேன்.

கருணாகரன்


நாகப்பட்டினம்
27 அக்டோபர் 1957

அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு,

நலம். உங்களுக்குச் சீரகத் தண்ணீர் நல்லது.

கடிதம் கிடைத்தது. ஆபீஸில் வாங்கிக்கொண்டார்கள். நல்லவன் என்று நீங்கள் எழுதிய வரியை அங்கே இருந்தவர் இரண்டு முறை படித்தார். நானும்தான்.

ஏப்பத்துக்கு நான் பொறுப்பு. ஆனால் எனக்கும் ஒரு யோசனை இருக்கிறது. இங்கே கடை முதலாளி என்னை "டேய் மலாயா" என்று கூப்பிடுகிறார். அங்கே என் பெயரில் வாசகசாலை இருக்கிறது. நான் வந்து நின்றால் அது யார் பெயரில் இருக்கும்? அந்தச் சுருட்டை முடிக்காரனை நினைத்தால் சில சமயம் எனக்கே வயிறு எரிகிறது.

அடையாளத்துக்காக இப்போதைய படம் ஒன்றை அனுப்பியிருக்கிறேன். சங்கத்தில் காட்டுங்கள்.

தேவதாஸ்


காஜா பெராங்
30 நவம்பர் 1957

அன்புள்ள தம்பிக்கு,

மூட்டு பரவாயில்லை. மற்றது கேவலம்.

உண்மையைச் சொல்லிவிட்டேன். செயற்குழுவில் எழுந்து நின்று, தேவதாஸ் உயிரோடு இருக்கிறார் என்றேன். யாரும் மகிழவில்லை.

"செத்தவரு எப்படிய்யா கடிதாசி போடுவாரு?" என்றார் கலியாணசுந்தரம்.

"சாகலைங்க. நாகப்பட்டினத்துல பஞ்சர் ஒட்டுறாரு."

"தியாகிய பஞ்சர் ஒட்டுறவருன்னு சொல்றீங்க. எழுதிக்குங்க செயலாளர்."

உன் படத்தைக் காட்டினேன். கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தார்கள்.

"இந்த மொட்ட யாரு?"

"இவருதாங்க தேவதாஸ்."

"எங்க தேவதாசுக்குச் சுருட்ட முடி லா! கருணா, ஒங்க சம்சாரத்துக்கு மொதல்ல பேசுன மாப்பிள அவருன்னு ஊருக்கே தெரியும். அதுக்காக செத்தவரு மேலயா இவ்ளோ வயித்தெரிச்சல்? எவனோ ஒரு கெழவன் படத்தக் காட்டி அவரு பேரக் கெடுக்கிறீங்களே!"

பொறாமையினால் ஒரு தியாகியை உயிர்ப்பிக்க முயன்றேன் என்று தீர்மானம் போட்டு என்னைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். ஒருவர் கூட எதிர்த்துக் கை தூக்கவில்லை. நான் இதுவரை அவர்களிடம் சொன்னதில் இது ஒன்றுதான் முழு உண்மை.

மற்ற விஷயம். சாக்குக்குள் இருப்பவனுக்கு வெளியே தெரியும் என்று நீங்கள் எல்லோரும் நினைக்கிறீர்கள். வெளிச்சம் இரண்டு பொட்டாகத் தெரியும், அவ்வளவுதான். அதற்குள் வந்து நிற்பவன் யார், கல்யாணம் பேசிவைத்தவனா, அடுத்த மாதம் தாலி கட்டப் போகிறவனா என்பதெல்லாம் எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது? தும்மல் வந்தது. தலை குனிந்தது. எது முதலில் என்று தும்மினவனைக் கேட்டால் அவனுக்கே தெரியாது தம்பி. அவனும் எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டுதான் இருப்பான்.

யாரோ ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன்.

அண்ணன்


காஜா பெராங்
14 ஜனவரி 1958

எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியவில்லை. முன்பு அத்தான். இப்போது முறைப்படி தம்பி. அதனால் பெயரில்லாமலே தொடங்குகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம். உங்கள் நலத்துக்கு இன்று கோயிலில் வேண்டிக்கொண்டேன்.

மல்லிகா எழுதுகிறேன். அவருடைய கடிதங்களைத் தபாலில் போடுவது நான். ஒட்டுவதும் நான்தான். ஆகையால் எல்லாம் தெரியும்.

போன போகிக்கு உங்கள் படத்தை அஞ்சலை அக்காவிடம் கொடுத்தது நான். இறந்துவிட்டார் என்று மலாயில் சொன்னதும் நான்தான். அவருக்குப் புரியாமல் ஒன்றும் நடக்கவில்லை. சொன்னதை நம்பி, நம்மவராயிற்றே என்று ஓர் இலை போட்டார். அந்தப் பாவம் எனக்குத்தான்.

அந்தப் படம் ஆறு வருடம் என் பெட்டியின் அடியில் சேலைகளுக்குக் கீழே இருந்தது. உயிரோடு இருக்கிற ஒருவரின் படத்தைக் கல்யாணமானவள் சுவரில் மாட்ட முடியுமா? செத்தவர் என்றால் மாட்டலாம், பூ வைக்கலாம், அழலாம். ஊர் கூடவே அழும்.

அது மட்டும் காரணமில்லை. இந்த வீட்டில் சாக்கு கிடையாது. அரிசி வந்தால் கடையிலேயே தகரத்தில் கொட்டி வாங்க வேண்டும். கல்யாணமான புதிதில் கால் துடைக்க வாசலில் ஒரு சாக்கு போட்டேன். உங்கள் அண்ணன் பார்த்துவிட்டு உள்ளே வராமல் நின்றார். அன்று சாப்பிடவில்லை. ஏன் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பல வருடம் யோசித்தேன். பிறகுதான் படத்தை அவர் சாப்பிட உட்காரும் இடத்துக்கு எதிரே மாட்டினேன்.

நேற்று போகி. அஞ்சலை அக்கா இந்த வருடமும் உங்களுக்கு இலை போட்டிருந்தார். உங்கள் அண்ணன் போய்ப் பக்கத்தில் நின்று அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அழுதாரா என்று தெரியவில்லை. ஊதுவத்திப் புகை.

உங்களுக்கு அனுமதி வந்துவிட்டதாக நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். வாருங்கள். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அன்று அது தும்மலா, தலையாட்டலா? எதிரே நின்றது நீங்கள் ஒருவர்தான். தும்மல் என்றால் ஒரு வருடமாக ஒரு மனிதரை நான் அநியாயமாக வாட்டியிருக்கிறேன். இல்லையென்றால் எழுத வேண்டாம்.

மல்லிகா


நாகப்பட்டினம்
16 பிப்ரவரி 1958

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

தேவதாஸ் வணக்கம். நான் நலம். இனி உங்கள் நலத்தை நேரிலேயே விசாரித்துக்கொள்கிறேன். மாதக் கடைசியில் கப்பல். போர்ட் சுவெட்டன்ஹாமில் இறங்கி பஸ் பிடித்து வந்துவிடுவேன். யாரும் வர வேண்டாம். வந்தாலும் அடையாளம் தெரியாது.

அண்ணி என்னை ஒன்று கேட்டிருந்தார். இருவரும் சேர்ந்து படிக்கட்டும் என்றுதான் இருவர் பெயருக்கும் எழுதுகிறேன். நான் எதிரே நின்றது உண்மை. பார்த்ததும் உண்மை. ஆனால் பசியோடு படுத்த இரவுகளில் எனக்கு அது தலையாட்டலாக ஞாபகம் வருகிறது. வயிறு நிறைந்த நாளில் தும்மலாக வருகிறது. இரண்டு மாதிரியும் சத்தியம் செய்ய என்னால் முடியும். அப்படிப்பட்டவனுடைய சாட்சி எதற்கு ஆகும்?

வரும்போது நாகூர்ச் சந்தையில் சின்ன வெங்காயம் வாங்கி வருகிறேன். கொப்பரைச் சாக்கில் கட்டச் சொல்லியிருக்கிறேன், நல்ல தூசி. அண்ணன்தான் கட்டை அவிழ்க்க வேண்டும். அண்ணி பக்கத்தில் நிற்கட்டும், நான் எதிரே நிற்கிறேன். தலை எப்படிக் குனிகிறது என்று பார்ப்போம். பார்த்ததை மூவரும் ஒரே மாதிரி சொல்வோம் என்று நான் நம்பவில்லை. ஆனாலும் பார்ப்போம். அதன் பிறகு அந்த வெங்காயத்தைச் சாம்பாரில் போடலாம்.

படத்தை இறக்க வேண்டாம். அவன் அங்கேயே இருக்கட்டும். அவன் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்கும் தெரிய வேண்டும்.

அஞ்சலை அக்காவிடம் சொல்லி இலை ஒன்று வாங்கி வையுங்கள். இரண்டு வருடமாக எனக்குப் போட்ட இலையில் நான் ஒரு பருக்கை கூடத் தொட்டதில்லை. இந்த முறை மிச்சம் வைக்க மாட்டேன்.

உங்கள் தம்பி,
தேவதாஸ்